குழந்தைகளுக்கான பகிர்வுப் படுக்கையறை

பகிர்வுப் படுக்கையறை என்பது ஒரே வீட்டில் வளரும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உறங்குவதற்கும், படிப்பதற்கும், உடைமைகளை வைத்துக்கொள்வதற்கும் சேர்ந்து பயன்படுத்தும் அறை ஆகும். இடம் குறைந்த நகர்ப்புற வீடுகளில் இவ்வறையை அமைப்பது தனிக் கவனம் கோரும் பணியாகும். இக்கட்டுரை சென்னையின் மேற்குப் பகுதியிலுள்ள பாடி, கொரட்டூர், முகப்பேர், அம்பத்தூர் போன்ற இடங்களில் காணப்படும் சிறு வீடுகளை முன்வைத்து இதனை விளக்குகிறது.

பின்னணி

1960களில் லூக்காஸ்-டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் முதலிய தொழிற்சாலைகள் பாடியில் நிறுவப்பட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதே பத்தாண்டில் உருவானது. தொழிலாளர் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்புகளைக் கட்டியது. ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை கொண்ட வீடுகளே இங்கு மிகுதி என்பதால், பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாத ஒன்று.

அறையின் அளவு

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வசிப்பறை ஒன்றின் பரப்பு 9.5 சதுர மீட்டருக்கும், அகலம் 2.4 மீட்டருக்கும் குறையக்கூடாது. இரண்டு அறைகள் இருப்பின் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டர் பரப்பும் 2.1 மீட்டர் அகலமும் கொண்டிருக்கலாம். கூரையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர். நடைமுறையில் குழந்தைகளுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அந்தச் சிறிய அறையே. 90 செ.மீ. அகலமுள்ள இரு கட்டில்களை 2.1 மீட்டர் அகல அறையில் இருபுறமும் போட்டால் நடுவில் எஞ்சுவது 30 செ.மீ. மட்டுமே. பீரோவின் கதவைத் திறக்கவும் இது போதாது. ஆகவே பலர் அடுக்குக் கட்டிலை நாடுகின்றனர்.

அடுக்குக் கட்டிலும் மின்விசிறியும்

ஒன்றின்மேல் ஒன்றாக இரு படுக்கைகள் கொண்டது அடுக்குக் கட்டில். விடுதிகளிலும் தொடர்வண்டிகளிலும் இதனை அனைவரும் கண்டிருப்பர். வீட்டில் இதனை அமைக்கும்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது: கூரையில் தொங்கும் மின்விசிறி.

பரவலாகப் பயன்படும் விசிறியின் வீச்சு 1200 மி.மீ., அதாவது நடுவிலிருந்து இறக்கையின் நுனி வரை 60 செ.மீ. அறையின் அகலம் 2.4 மீட்டர் எனில், நடுவில் மாட்டிய விசிறியின் நுனி சுவரிலிருந்து 60 செ.மீ. தொலைவில் சுழலும். அச்சுவரை ஒட்டிய 90 செ.மீ. அகலக் கட்டிலின் ஓரத்தில் 30 செ.மீ. வரை இறக்கையின் வட்டத்துக்குள் வரக்கூடும். பரப்பு அதே அளவாக இருந்தும், 3.1 மீட்டர் சதுர அறையில் நுனி 95 செ.மீ. தொலைவில் நிற்பதால் கட்டில் வட்டத்துக்கு வெளியே அமைகிறது. எனினும் நீட்டிய கைக்கு அதுவும் எட்டும் தொலைவே.

உயரத்தையும் கணக்கிட வேண்டும். 2.75 மீட்டர் கூரையிலிருந்து 30 செ.மீ. கீழே தொங்கும் விசிறியின் இறக்கை தரையிலிருந்து 2.45 மீட்டரில் இருக்கும். மேல் மெத்தை 1.5 மீட்டரில் அமைந்தால், அதில் அமர்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவனின் தலை ஏறத்தாழ 2.2 மீட்டரைத் தொடும். அவன் கையை உயர்த்தினால் இறக்கையில் படும். இறக்கையை விட்டு விலக்கிக் கட்டிலை மூலைக்குத் தள்ளுவது மட்டும் போதாது. கூரை விசிறியை அகற்றி, கூண்டு பொருத்திய சுவர் விசிறியை மாட்டுவதே நம்பத்தக்க தீர்வு. இதற்கு ஆகும் செலவு கட்டிலின் விலையோடு ஒப்பிடுகையில் சிறியது.

பரணையும் கவனிக்க வேண்டும். 2.1 மீட்டர் உயரத்தில் காங்கிரீட் பரண் உள்ள சுவரோரம் மேல் கட்டில் வந்தால் இடைவெளி 60 செ.மீ.தான், நிமிர்ந்து உட்கார இயலாது. மேல் மாடி வீடுகளில் கோடையில் சூடேறிய கூரையின் வெப்பம் மேல் படுக்கையில் உறங்குபவரையே முதலில் தாக்கும்.

பாதுகாப்பு

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகள் மேல் கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பியைக் கட்டாயமாக்கின. சுவரை ஒட்டிய பக்கத்துக்கும் இது பொருந்தும். தடுப்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 127 மி.மீ. உயர வேண்டும், தடித்த இலவம்பஞ்சு மெத்தை போட்டால் தடுப்பின் உயரம் குறைந்துவிடும் என்பது பலரும் மறக்கும் செய்தி. சட்டத்தின் இடைவெளிகள் 89 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். அகன்ற இடைவெளியில் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆறு வயதுக்குட்பட்டோரை மேலே உறங்க வைக்கலாகாது. துண்டு, துப்பட்டா, கொசுவலைக் கயிறு ஆகியவற்றை மேல் கட்டிலிலிருந்து தொங்கவிடுதலும் கழுத்து இறுகும் ஆபத்தை உண்டாக்கும்.

பிற முறைகள்

ஒரு கட்டிலின் அடியிலிருந்து சக்கரங்களின் மேல் இழுக்கப்படும் தாழ்ந்த கட்டில், விசிறிச் சிக்கல் இல்லாதது. பகலில் அது உள்ளே சென்றுவிடுவதால் விளையாடவும் இடம் கிடைக்கும். ஆனால் அடியில் பெட்டிகள் வைக்க இடமிராது. இவை எல்லாவற்றுக்கும் முற்பட்டது பாய். காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அறை முழுவதும் காலியாகும் இம்முறையை எந்த அறைகலனும் இன்னும் விஞ்சவில்லை எனலாம்.

பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மூத்த பிள்ளையும் விரைவில் உறங்கும் இளைய பிள்ளையும் உள்ள அறையில், பெரிய குழல் விளக்கை அணைத்துவிட்டு மேசை மீது மட்டும் ஒளி விழும் விளக்கைப் பயன்படுத்தலாம். வளரிளம் பருவத்து அண்ணனும் தங்கையும் பகிரும் அறையில் கட்டில்களுக்கு இடையே திரைச்சீலை ஒன்றும், ஆளுக்கொரு பூட்டுள்ள அலமாரித் தட்டும் தேவைப்படும்.