கோயிலும் சபையும்: போருக்குப் பிந்தைய கார் நிக்கோபார்

முன்னுரை

'சர்ச்' என்னும் ஒரே சொல்லால் ஆங்கிலம் சுட்டுவதைத் தமிழ்க் கிறித்தவர் கோயில், சபை என இரண்டாகப் பகுத்து வழங்குவர். முன்னது கட்டடம், பின்னது மக்கள். போரில் அழிந்த ஊர்க்கோயிலின் வரலாறு ஐரோப்பாவில் பெரும்பாலும் கட்டடத்தின் வரலாறாகவே அமைகின்றது. பிரான்சின் ஒரதூர்-சுர்-கிளான் ஊரில் 1944 ஜூன் 10 அன்று ஜெர்மானியப் படை எரித்த கோயிலின் இடிபாடு இன்றும் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகின்றது. மரத்தாலும் புல்லாலும் வீடு சமைத்த நிக்கோபாரியரிடம் போரின் நினைவும் மீட்சியும் எவ்வாறு அமைந்தன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போருக்கு முன்

1895இல் கார் நிக்கோபாருக்கு அரசு முகவராகவும் மறைப்பணியாளராகவும் வந்தவர் சென்னை மாகாணத்தைச் சார்ந்த வேதப்பன் சாலமோன். மூஸ் ஊரில் அவர் நடத்திய பள்ளியே அத்தீவின் கல்விக்கு வித்திட்டது. அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் இதழில் வெளிவந்தன. அவர்தம் மாணவர் ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் பயின்று, தாயகம் திரும்பி ஆசிரியரானார். எனினும், அக்காலத்தில் கிறித்தவர் சிறுபான்மையினராகவே இருந்தனர்.

போர்க்காலம்

1942இல் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. விமானத்தளம் அமைக்கும் பணியில் தீவு மக்கள் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். 1944 அக்டோபரிலும் 1945 ஜூலையிலும் பிரித்தானியக் கடற்படை தீவைத் தாக்கியது. எதிரிக்குச் சைகை காட்டினர் என்ற ஐயத்தின்பேரில் ஊரார் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். இக்கொடுமையை 1946இல் சிங்கப்பூரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. அழிவு இங்கு முதன்மையாக நேர்ந்தது மக்களுக்கே என்பது கருதத்தக்கது.

மீட்சி

போருக்குப் பின் சில ஆண்டுகளிலேயே தீவினருள் பெரும்பான்மையோர் ரிச்சர்ட்சன் தலைமையில் கிறித்தவம் தழுவினர். துன்பக் காலத்தில் உடனிருந்தவர் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை எனலாம். அவர் 1950இல் ஆயரானார். 1952இல் மக்களவையின் நியமன உறுப்பினரானார். அவர் பெரிதும் உழைத்த கார் நிக்கோபாரி விவிலிய மொழிபெயர்ப்பு 1969இல் முழுமையுற்றது. எழுத்து வழக்கற்றிருந்த அம்மொழி ரோமன் வரிவடிவில் நூல்மொழியாயிற்று. இம்மாற்றத்தில் பழைய சடங்குகள் சில மங்கின என்பதும் மறுத்தற்கில்லை.

முடிவுரை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அழித்தது. மக்கள் உள்நிலத்தில் குடியமர்ந்தனர். துஹெத் எனப்படும் கூட்டுக்குடும்ப உறவும் தாய்மொழி வழிபாடும் அவர்களோடு சென்றன. கட்டடம் மட்டுமே நினைவின் இருப்பிடமாயின், போரின் நினைவும் கடலோடு போயிருக்கும். கோயிலை நாடுவோர் கல்லைத் தேடுவர். இத்தீவின் வரலாற்றை எழுதுவோர் சபையை நாடுதல் வேண்டும். அச்சபையின் தொடக்கத்தில் ஒரு சென்னை மாகாண ஆசிரியரின் கைப்பட்ட நாட்குறிப்பு இருப்பது தமிழாய்வுலகம் மேலும் கவனிக்கத்தக்கதாகும்.