டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் டியூனிங்

சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் போர்ட், ஹெட், கார்புரேட்டர், சைலன்சர் ஆகியவற்றைத் திருத்திக் கூடுதல் சக்தி பெறும் தொழில்நுட்பம். கொங்கு வட்டாரத்தில் இதைப் பற்றிய பேச்சு யமஹா ஆர்எக்ஸ்100 பைக் இல்லாமல் நடப்பதில்லை.

இத்தகைய சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கிடையாது. இங்கிலாந்தின் ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறைப்படி, சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்களைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே போர்ட்டின் உயரத்தை அரத்தால் சற்றே மாற்றினாலும் எஞ்சினின் குணம் மாறிவிடும். சிறிய ஒர்க்‌ஷாப்புக்கும் இந்தக் கலை கைவந்தது இதனால்தான்.

பெரிய திருப்பம் கிழக்கு ஜெர்மனியில் நேர்ந்தது. எம்இசட் நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் காடன், புகைக்குழாயில் ஓடும் அழுத்த அலைகளையே வேலைக்காரர்களாக்கினார். சைலன்சரின் விரியும் கூம்பு எரிந்த புகையை இழுக்கும். குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அலை, போர்ட் வழியே நழுவிய புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1961இல் அவரது 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது: லிட்டருக்கு 200. அதே ஆண்டு எம்இசட்டின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சுஸுகியில் சேர, இந்த வித்தை ஜப்பானுக்குப் போனது. 1962இல் 50 சி.சி. உலகப் பட்டம் சுஸுகிக்கு.

தமிழகத்தில் இந்தப் பந்தயப் பித்துக்கு முதல் களம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. 1985இல் ஆர்எக்ஸ்100 வந்தது. இரண்டும் டூ-ஸ்ட்ரோக்தான், பிழைப்பு வேறு. திருப்பூரில் பனியன் பண்டல் ஏற்றும் மொபெட்டுக்குக் குறைந்த வேகத்தில் இழுவை வேண்டும். பந்தய டியூனிங் அந்த இழுவையைத்தான் முதலில் பறிக்கும். சக்தி முழுவதும் மேல் ஆர்பிஎம்மில் போய்க் குவிந்துவிடும்.

ஆர்எக்ஸ்100இன் போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) இரண்டும் 50 மி.மீ.; 98 சி.சி., ஏறத்தாழ 11 குதிரைத்திறன். லேத்தில் கொடுத்து 1 மி.மீ. போர் ஏற்றினால் கொள்ளளவு 102 சி.சி., அதாவது 4 சதவீதமே கூடும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பை அதே 1 மி.மீ. உயர்த்தினாலோ, அது திறந்திருக்கும் நேரம் கிராங்க் சுழற்சியில் ஏறக்குறைய 5 டிகிரி நீளும். போருக்குப் பிஸ்டன் மாற்றலாம். அதிகமாக அரைத்த போர்ட்டுக்கு மாற்று கிடையாது, பிளாக் போனது போனதுதான். சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்குவது டியூனிங்கே அல்ல. சத்தம் கூடும், அவ்வளவுதான். எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு கூடியும் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை வறண்டு பிஸ்டன் சீஸ் ஆகும். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தே கைதேர்ந்த மெக்கானிக் இதைச் சொல்லிவிடுவார்.

கோவை, பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதனின் ஊர். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில் 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கும் முறையான தடம் அருகிலேயே வாய்த்தது.

ஆர்எக்ஸ்100இன் உற்பத்தி 1996இல் நின்றது. டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வரிசை 2015இல் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறத் தொடங்கியது. 2017இல் பிஎஸ்-4 மாசு விதி நாடெங்கும் வந்தது. பதிவுபெற்ற வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பந்தயத்துக்காகத் திருத்திய எஞ்சினை ஓட்ட வேண்டிய இடம் பந்தயத் தடம்தான். பல்லடம் சாலை அல்ல.