தாய்மாமன் என்னும் சான்று: அரிய சிறுநீரக நோய்களின் ஆய்வு வரலாறும் தோட்டக் குடும்ப நினைவும்

பேராக் மாநிலத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் தோட்டப் பேரேடுகளையும், கோயில் கல்வெட்டுகளையும், தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகளையும் நாடுகின்றனர். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு சான்றும் உண்டு. அது குடும்பத்தில் தலைமுறைதோறும் வரும் நோய் பற்றிய நினைவு. சிறுநீரகத்தைத் தாக்கும் அரிய மரபுநோய்கள் சிலவற்றின் மூலத்தை மருத்துவ உலகம் கண்டறிந்ததற்கு, நோயாளியின் உறவினரை வரிசையாகக் கேட்டு எழுதிவைத்ததே முதற்படியாக இருந்தது. அந்த ஆய்வு வரலாற்றையும், அது நம் நாட்டைத் தொட்ட விதத்தையும், தமிழ் உறவுச்சொற்களுக்கு அதிலுள்ள பயனையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலிவர் ராங்கின் ஆய்வுமுறை

இங்கிலாந்தின் சிறுநீரக வல்லுநர் ஆலிவர் ராங் 1925-இல் பிறந்து 2012-இல் மறைந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அவர், டண்டீயிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1959-இல் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, சிறுநீரகம் உடலின் அமிலத்தை வெளியேற்றும் திறனை அளக்க எளிய சோதனை ஒன்றை வகுத்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் வீதம் அம்மோனியம் குளோரைடு கொடுத்து, அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீர் எந்த அளவுக்கு அமிலமாகிறது என்று பார்ப்பதே அது. நலமுள்ள சிறுநீரகம் அமிலத்தை வெளியே தள்ளிவிடும். சில நோயாளிகளிடம் அது நிகழ்வதில்லை. அவர்களின் நோய்க்குச் சேய்மைச் சிறுநீரகக் குழல் அமிலநோய் என்று பெயரிடலாம்.

இந்நோயில் வெளியேறாத அமிலம் குருதியில் தங்குகிறது. அதைச் சமன்செய்ய எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து, சிறுநீரகத்திலேயே படிகிறது. பொட்டாசியம் குறைந்து தசைகள் தளர்கின்றன. குழந்தை வளராது, கால்கள் வளையும், பின்னர் சிறுநீரகக் கல்லும் சேரும். மருந்தோ மிக எளியது. சோடியம் பைகார்பனேட்டு அல்லது பொட்டாசியம் சிட்ரேட்டு போன்ற காரப்பொருளை நாள்தோறும் உட்கொள்வதே அது. இளமையிலேயே தொடங்கினால் குழந்தை மீண்டும் வளரும். காலம் தாழ்ந்தால் சிறுநீரகம் சீர்செய்ய இயலாதபடி கெடக்கூடும்.

ராங்கின் தனிச்சிறப்பு, ஒரு நோயாளியைக் கண்டதும் அவருடைய குடும்பம் முழுவதையும் ஆய்வுக்குக் கொண்டுவந்ததாகும். 1964-இல் டென்ட், ஃப்ரீட்மன் என்னும் இருவர், எலும்பு மென்மையும் சிறுநீரகக் குழல் பழுதும் ஒருங்கே கொண்ட இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1994-இல், ராங்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 25 பேரை ஆராய்ந்து, அது ஒரே பரம்பரை நோய் என்று நிறுவினர். தம் மூத்தவரின் நினைவாக அதற்கு டென்ட் நோய் என்று ராங் பெயர் சூட்டினார். ஆண்களே அதனால் கடுமையாகத் துன்புற்றனர் என்பது குடும்ப வரிசையிலிருந்து புலனாயிற்று. 1996-இல் ராஜேஷ் தாக்கர் உள்ளிட்ட குழுவினர், எக்ஸ் குரோமோசோமில் அமைந்த மரபணு ஒன்றின் பழுதே இதற்குக் காரணம் என்று காட்டினர். ஆய்வுக்கூடம் விடை தருவதற்கு முன்பே, உறவுமுறை அவ்விடையின் திசையைக் காட்டிவிட்டது.

ஒரே மரபணு, இரண்டு உறுப்புகள்

குருதிச் சிவப்பணுவின் சுவரில் மூன்றாம் பட்டை எனப்படும் புரதம் உண்டு. அது பைகார்பனேட்டையும் குளோரைடையும் மாற்றிக்கொள்ளும் வாயில்போல் செயற்படுகிறது. அதே மரபணு, சற்றுக் குறுகிய வடிவத்தில், சிறுநீரகத்தில் அமிலத்தை வெளியேற்றும் அணுக்களிலும் இதே பணியைச் செய்கிறது. 1997-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த லெஸ்லி புரூஸ், மைக்கேல் டேனர் ஆகியோருடன் ராங் வெளியிட்ட ஆய்வில், அமிலநோய் வழிவழியாக வந்த நான்கு குடும்பங்களின் நோயாளிகள் அனைவரிடமும் இம்மரபணுவில் பிறழ்வு காணப்பட்டது. அவ்வீடுகளில் நலமாயிருந்த ஒன்பது பேரிடம் அது இல்லை.

இங்குதான் நம் நாடு இவ்வரலாற்றில் நுழைகிறது. மலாயாப் பூர்வகுடியினரிடம் முட்டைவடிவச் சிவப்பணுக்கள் பரம்பரையாக இருப்பதை 1965-இல் லீ-இன்ஜோ லுவான் எங் வெளியிட்டிருந்தார். மலாய்க்காரரிடையேயும் இது காணப்படுகிறது. 1991-இல், மூன்றாம் பட்டை மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்டதே இதன் காரணம் என்று அறியப்பட்டது. இப்பண்பைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பெற்ற பிள்ளையை, மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவிலிருந்து அது காப்பதாகப் பாப்புவா நியூ கினி ஆய்வுகள் காட்டின.

2000-இல் புரூஸ், ராங் முதலானோர் மலேசியாவிலும் பாப்புவா நியூ கினியிலும் உள்ள குடும்பங்களை ஆராய்ந்தனர். முட்டைவடிவப் பண்பு மட்டும் இருந்தால் அமிலநோய் தோன்றுவதில்லை. ஒரு பெற்றோரிடமிருந்து அப்பண்பும், மற்றவரிடமிருந்து அதே மரபணுவின் வேறொரு பிறழ்வும் சேர்ந்தால், குழந்தைக்கு அமிலநோயும் குருதிச்சோகையும் வந்தன. ஆகவே, மலேரியாவிலிருந்து ஒரு மக்களைக் காத்த மரபணுவே, வேறொரு பிறழ்வுடன் கூடும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. காட்டோடும் கொசுவோடும் பல தலைமுறைகள் வாழ்ந்ததற்கான தடயம் அது.

அக்காப்பு இல்லாமல் வந்தவர்கள்

1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் பேராக்கின் மலைச்சரிவுகளும் சமவெளிகளும் தோட்டங்களாயின. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் தமிழர் கொண்டுவரப்பட்டனர். காட்டை வெட்டியதும் நிழலிலிருந்த மலையோடைகளின்மேல் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடையே அனோபிலஸ் மக்குலேட்டஸ் என்னும் கொசு முட்டையிட விரும்பும் இடம். எனவே மலைத்தோட்டத்தில் மலேரியாவைப் பெருக்கியது, தோட்டம் போட்ட செயலேயாகும். கொசுவினத்திற்கு ஏற்ப வடிகால் அமைக்கவேண்டும் என்பதை, சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் பணியாற்றிய மால்கம் வாட்சன் தம் அனுபவத்தால் உணர்த்தி, 1911-இல் நூலாகவும் வெளியிட்டார்.

வந்த தமிழரின் குருதியில் இம்மண்ணின் முட்டைவடிவக் காப்பு பெரும்பாலும் இல்லை. கொயினா மருந்தும் தோட்ட மருத்துவமனையின் டிரெசரும் எல்லார்க்கும் உரிய நேரத்தில் கிட்டவில்லை. ஆகவே, அன்று மாண்டோரின் மரணத்தை உழைப்பாளியின் சோம்பலோடோ உடற்குறையோடோ மட்டும் சேர்த்துக் கூறுவது வரலாற்றுப் பிழையாகும். நிலத்தை மாற்றியவர் ஒருவர். அதன் விளைவைத் தாங்கியவர் வேறொருவர்.

உறவுச்சொல்லின் ஆற்றல்

தமிழர் தம்முடன் கொண்டுவந்த செல்வங்களுள் ஒன்று உறவுமுறைச் சொற்கள். ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டும் பல உறவுகளைத் தமிழ் பிரித்துக் கூறும். பெரியப்பா மகன் உடன்பிறந்தவனுக்கு ஒப்பானவன். அத்தை மகனும் மாமன் மகனும் மணமுறை உடையவர்கள். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. தாயின் உடன்பிறந்தவன் தாய்மாமன். இச்சொற்களே ஒரு வமிசவரைபடம்.

எக்ஸ் குரோமோசோம் வழி வரும் டென்ட் நோய், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதில்லை. தாயின் வழியே வந்து மகனைத் தாக்கும். ஆகவே தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே நோய் இருப்பது மருத்துவருக்கு வலிய குறிப்பு. சித்தப்பாவிடம் அதே நோய் இருந்தால் குறிப்பு வேறு. இருவரையும் ‘அங்கிள்’ என்று அழைக்கும் இளையோர், தம்மையறியாமலே இச்சான்றை அழிக்கின்றனர்.

இன்னொரு வகை நோய், பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவில் பிறழ்வைச் சுமந்தால் மட்டுமே பொதுவாக வரும். அப்போது ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனை மணப்பதும், அத்தை மகனை மணப்பதும் நம் வழக்கம். அவ்வழக்கத்தில் இருவரும் ஒரே மூதாதையின் பிறழ்வைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதைக் கூறுவது வழக்கத்தை இழிவுபடுத்த அன்று. ‘மனைவி உறவா, வெளியா?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்த குடும்பத்திற்கு மருத்துவம் எளிதாகும் என்பதற்காகவே.

வளராத குழந்தையைச் ‘சவலைப் பிள்ளை’ என்று கூறிக் கடந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. அடுத்த பிள்ளை பிறந்ததால் தாய்ப்பால் குறைந்தது என்பதே அச்சொல்லின் விளக்கம். பெரும்பாலும் அது பொருந்தியிருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் அவ்வாறு தளர்ந்தால், பால் குறைவு மட்டுமே காரணமா என்று கேட்டறிதல் கடமை. இன்று மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவு நோயே முதன்மைக் காரணம். அப்பெருங்கூட்டத்தில் அரிய நோயாளிகள் கண்ணுக்குப் படாமல் போவது எளிது. அவர்களைத் தனித்துக் காட்டுவது குடும்ப வரலாறே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும், குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பிரிந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தபோது பாட்டிமார் எல்லார் வரலாற்றையும் மனத்தில் வைத்திருந்தனர். இன்று அந்நினைவு அவர்களோடு மறைகிறது.

தமிழ்மொழி வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் மூன்று தலைமுறை உறவுவரைபடம் எழுதலாம். உரிய தமிழ்ச் சொல்லைப் பயன்படுத்துவதே அதன் முதல் விதி. நோய்ச் செய்திகளை மட்டும் வகுப்பறைக்குக் கொண்டுவருதல் கூடாது. அவை வீட்டிலேயே எழுதப்பட்டு, மருத்துவரிடம் மட்டும் காட்டப்படவேண்டும். மணவாழ்க்கை கெடுமோ என்று அஞ்சி நோயை மறைத்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. அந்த அச்சத்தை மதித்துக்கொண்டே உண்மையைப் பேணல் வேண்டும்.

ராங் பல்லாண்டுகள் செய்த பணியின் அடிப்படை, ‘உங்கள் வீட்டில் வேறு யாருக்கு?’ என்னும் ஒரு கேள்வி. அக்கேள்விக்குத் துல்லியமாக விடையளிக்கும் சொற்களை நம் மொழி என்றோ ஆக்கி வைத்திருக்கிறது. அச்சொற்களைப் பிழையின்றிக் கற்பித்தல் இலக்கணப் பணி மட்டுமன்று. ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை உரிய காலத்தில் காக்க உதவும் பணியுமாகும்.