கொத்மலையில் இணையம் சோதிக்கப்பட்ட காலம்

1999ஆம் ஆண்டில் இலங்கையின் நகரங்களிலேயே இணையம் அரிதாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் கொத்மலை மலைநாட்டில் இயங்கிய சிறிய சமூக வானொலி நிலையமொன்றுக்கு நிரந்தர இணைய இணைப்பு வந்து சேர்ந்தது. யுனெஸ்கோவின் உதவியோடு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கொழும்புப் பல்கலைக்கழகம் முதலியவை சேர்ந்து நடத்திய பரீட்சார்த்தத் திட்டம் அது. கணினியைத் தொட்டே பார்க்காத கிராமத்தவருக்கு வானொலி வழியாக இணையத்தின் பயனைக் கொண்டுசேர்க்க முடியுமா என்று அறிவதே அதன் நோக்கம். இன்று மென்பொருள் நிறுவனங்கள் ‘பீட்டா’ என்ற பெயரில் செய்வதும் இதுவேதான். ஆக்கியவர்கள் தங்களுக்குத் தெரிந்த பிழைகளைக் களைந்த பிறகு, இன்னும் முழுமை பெறாத பொருளை, முழுமை பெறவில்லை என்று சொல்லியே வெளியாட்களிடம் கொடுக்கிறார்கள். அது எங்கே தடுமாறுகிறது என்று பயன்படுத்துகிறவர்கள் சொல்ல, சொன்னதைக் கேட்டுத் திருத்துகிறார்கள். இத்தகைய சோதனைக்கு மதிப்பைத் தருவது, யாரிடம் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதே. கொத்மலையின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று.

கொத்மலை இதற்குப் பொருத்தமான இடமாக அமைந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. துரித மகாவலித் திட்டத்தின் கீழ், சுவீடனின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட கொத்மலை அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. வயலும் வீடும் விகாரையும் நீருக்குள் போக, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. மகாவலிக் குடியேற்றங்களில் மக்களையே பேசவைத்து நிகழ்ச்சி தயாரிக்கும் சமூக வானொலி முயற்சி 1980களின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகியிருந்தது. கொத்மலை நிலையம் அதன் தொடர்ச்சியாக 1989இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆகவே இணையம் வந்தபோது, நிலையத்தோடு பேசிப் பழகிய, குறை இருந்தால் குறையென்று சொல்லக் கூச்சப்படாத நேயர்கள் பத்து ஆண்டுகளாக உருவாகியிருந்தார்கள். நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே இணையத்தில் தேடுவார். கிடைத்ததை அவர்களது மொழியில் விளக்குவார். நோயைப் பற்றிய கேள்வியென்றால் உள்ளூர் மருத்துவர் வந்து பொருள் சொல்வார். நேரில் கணினியைப் பயன்படுத்த விரும்பியவர்களுக்குக் கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் வசதி செய்யப்பட்டது.

இந்தச் சோதனை காட்டித்தந்தவை கொழும்பிலோ பாரிஸிலோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடியவை அல்ல. அன்றைய இணையத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது. யூனிகோட் தரத்தில் சிங்களம் இடம்பெற்றதே 1999இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான். தமிழ் அதற்கு முன்பே அத்தரத்தில் இருந்தும், நடைமுறையில் ஆளுக்கொரு எழுத்துரு புழங்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கே அப்போதுதான் பொதுத்தரம் தேடிக்கொண்டிருந்தது. ஆகவே கம்பியை இழுத்துக் கணினியை வைத்துவிட்டால் போதாது, நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும் என்பது கொத்மலையில் உறுதியானது. 2002இல் டொன் ஸ்லேட்டர், ஜோ டாக்கி, பீட்டர் லூயிஸ் ஆகியோர் இத்திட்டத்தை மக்களோடு பழகி ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். மக்களிடம் கேட்பது, திருத்துவது, மறுபடியும் கேட்பது என்ற அந்த முறை பிறகு ஒரு கைநூலாகி, யுனெஸ்கோவின் மற்றத் திட்டங்களுக்கும் வழிகாட்டியது. வானொலியையும் கணினியையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் பல்லூடக நிலையங்கள் மாலி, செனகல், மொசாம்பிக் முதலிய நாடுகளுக்குப் பரவின. கொத்மலை நிலையமும் அத்தோடு நிற்கவில்லை. மலைப்பாதையில் மக்கள் நிலையத்துக்கு வருவது சிரமம் என்று கண்டதும், மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் ஏற்றிய முச்சக்கர வண்டியை ஊர்களுக்கு அனுப்பியது. பயனாளரின் சிரமம் பொருளின் வடிவத்தையே மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

ஆனாலும் இந்தச் சோதனையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று கொத்மலையைச் சூழ்ந்திருப்பவை தேயிலைத் தோட்டங்கள். அங்கே ‘லயம்’ எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த மக்களின் மொழி தமிழ். மகாவலி மக்களுக்காகப் பிறந்த நிலையமோ பெரும்பாலும் சிங்களத்தில் பேசியது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டைப் பற்றி, சேமலாப நிதியைப் பற்றி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பற்றி எழும் சந்தேகங்கள், வயல் வைத்திருப்பவரின் சந்தேகங்களிலிருந்து வேறுபட்டவை. அவள் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லாதபோது, அவளுக்கு எந்த இடத்தில் அந்தக் கருவி உதவாமல் போகும் என்பதும் தெரியாமலே போகிறது. சோதனையில் சேர்க்கப்படாதவர்களின் சிக்கல்கள் எந்தப் பிழைப் பட்டியலிலும் ஏறுவதில்லை. பட்டியல் சுருங்கச் சுருங்க, பொருள் முழுமை பெற்றுவிட்டது என்ற எண்ணம் பலப்படும்.

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்லலாம். தொலைபேசியும் கல்வி வாய்ப்பும் குறைந்த தோட்ட மக்களை அந்தக் காலத்தில் சோதனையில் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது ஒரு வாதம். ஆனால் கணினி இல்லாதவருக்கும் இணையத்தைச் சேர்ப்பதற்காகவே இந்தத் திட்டம் வகுக்கப்பட்டது. பற்றரியில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டியும் தமிழில் பேசும் ஓர் அறிவிப்பாளரும் இருந்தால் தொடங்கியிருக்கலாம். வறிய மக்களைச் சோதனைக்கு உட்படுத்துவதே தவறு, முழுமை பெற்ற பொருளை மட்டுமே அவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது மறுபக்க வாதம். இதில் நியாயமான கவலை உண்டு. இத்தோட்டங்களின் மலையக மக்கள் பிறர் வகுத்த திட்டங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் உடலைக் கொடுத்தவர்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு முயன்று பார்த்தபோது, அந்த மண்ணில் உழைத்தவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த அநீதிக்குக் காரணம் முயற்சி அல்ல. முயற்சியில் அவர்களுக்குக் குரல் இல்லாமல் செய்ததுதான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் புதிய தேயிலை வகையைப் பல வருடம் பரிசோதனைப் பாத்திகளில் வளர்த்துப் பார்த்தே தோட்டங்களுக்குக் கொடுக்கிறது. செடிக்குக் காட்டும் அந்தப் பொறுமை மனிதர் பயன்படுத்தும் கருவிக்கும் வேண்டும். செடி தன் குறையைச் சொல்லாது, மனிதர் சொல்வார். அவரைக் கேட்காமல் முழுமை பெறும் கருவி எதுவும் இல்லை.

சோதனை என்ற பெயரே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்காகவும் மாறலாம். கூகுளின் ஜிமெயில் 2004இல் வெளியானது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய பிறகும் 2009 வரை பீட்டா என்ற பெயரைச் சுமந்திருந்தது. பெரிய நிறுவனத்தின் பொருளென்றால் பெயர் எப்படியிருந்தாலும் சேவை தொடரும். நன்கொடையில் ஓடும் கிராமத்துத் திட்டமோ உதவிக்காலம் முடிந்ததும் திருத்துவாரின்றி நிற்கும் ஆபத்தில் இருக்கிறது. அதனால் மலையகத்துக்கு எந்தப் புதிய கருவியைக் கொண்டுவந்தாலும், அது சோதனை என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். குறையைத் தமிழில் சொல்ல வழி இருக்கவேண்டும். சொன்ன குறையை யார் எப்போது திருத்துவார் என்பது எழுத்தில் இருக்கவேண்டும். அரச சேவைகள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போகும் இக்காலத்தில், முதல் சோதனையாளர்களைக் கொழும்பில் தேடாமல் தோட்டத்து லயங்களில் தேடுங்கள். அங்கே தடையின்றி ஓடும் கருவி நாட்டின் மற்ற இடங்களிலும் ஓடும் என்று நம்பலாம்.