அருட்பாவும் ஒரு கோர்ட் கேஸும்



அடுத்தவர் மனதை மாற்ற எதைச் செய்யக்கூடாது என்பதற்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போகவேண்டாம். சிதம்பரத்திலும் கடலூரிலுமே நடந்திருக்கிறது.

1867-ல் வள்ளலாரின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சாகி வந்தன. அந்தப் பெயரை வைத்ததும், பாடல்களைத் 'திருமுறை' என்று பிரித்ததும் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு இது பிடிக்கவில்லை. தேவாரம், திருவாசகத்துக்கு உரிய பெயரை உயிரோடு இருப்பவர் பாட்டுக்கு வைக்கலாமா என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். கேட்டவரும் சாதாரண ஆள் இல்லை. பழைய நூல்களைப் பிழையின்றி அச்சிட்டவர், 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியவர். பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தால் ஜனங்கள் காதுகொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் தரப்பிலிருந்து வந்தது 'போலியருட்பா மறுப்பு' என்ற கண்டன நூல். பாட்டோடு பாடியவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அருட்பா இல்லை, மருட்பா என்று கேலி வேறு. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அவர்களும் கண்டனம் எழுதினார்கள். (இரண்டு பக்கமும் புலவர்கள், வசவுக்குப் பஞ்சமா என்ன!)

சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தன்னை அவதூறாகப் பேசினார்கள் என்று 1869-ல் நாவலர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வள்ளலார் விடுவிக்கப்பட்டார். அவர் உள்ளே நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றாராம்! இது நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் ஊரில் இன்றும் சொல்வது இந்தக் கதையைத்தான். 'திருமுறை' என்ற பெயர் சரியா என்ற அந்த நல்ல கேள்வியை யாரும் பேசுவதில்லை.

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது: பக்கத்துக் கடைச் சரக்கைத் திட்டியே வியாபாரம் செய்தால் விளம்பரம் அந்தக் கடைக்குத்தான். அதே 1867-ல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை திறந்து பசித்தவருக்குச் சோறு போட ஆரம்பித்திருந்தார். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை.

1874-ல் வள்ளலாரும் 1879-ல் நாவலரும் போன பிறகும் சண்டை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சென்னையில் மறுபடி ஒரு வழக்கு. மருட்பாக் கட்சியின் கதிரைவேற்பிள்ளை ஜெயித்தார். அவருக்குச் சாட்சி சொல்லப்போய்ப் பள்ளி இறுதிப் பரீட்சையையே கோட்டைவிட்டார் அவருடைய மாணவர் ஒருவர்.

அந்த மாணவர் திரு.வி.க. அவர்தான் 1929-ல் வள்ளலாரைப் போற்றி 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்று ஒரு புத்தகம் எழுதினார்.