கடல்ல போட்ட கோடு, காம்பராவுக்குள்ள போட்ட கோடு

இந்தியாவின் தரை எல்லை 15,106 கிலோமீட்டர் என்று அந்த நாட்டு அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது. பாகிஸ்தான், சீனா, நேபாளம், பங்களாதேஷ் என்று ஏழு நாடுகள் அந்தப் பட்டியல்ல வரும். நம்ம வரமாட்டோம், நடுவுல கடல். ஆனாலும் இந்தியாவின் எல்லைக்கோடு கொஸ்லந்தப் பக்கத்து லயங்களுக்குள்ளயும் ஓடியிருக்கு.

நம்ம ஆளுங்க கடல் தாண்டி, மன்னார்ல இறங்கி, காட்டுவழியா நடந்தே மலைக்கு வந்த காலத்துல ரெண்டு கரையும் வெள்ளைக்காரன் கையில இருந்துச்சு. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்தது. வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரே சட்டத்துல நாடில்லாதவங்க ஆனாங்க.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு விட்டாங்க. முதல்ல எண்ணிக்கை முடிவாச்சு, அப்புறம்தான் விண்ணப்பப் பாரம் தோட்டத்துக்கு வந்துச்சு! ஒரே காம்பராவுல அண்ணனுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை. பயணம் சொல்ல வந்த சனம் ஸ்டேஷன்ல அழுத அழுகையில அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னே பேர் நின்னுபோச்சு.

1974ஐ கொஞ்சம் நின்னு பார்க்கணும். ஜனவரியில், விட்டு வைத்த 150,000 பேரையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஜூன்ல பாக்கு நீரிணையில கோடு போட்டாங்க, கச்சத்தீவு இந்தப் பக்கம் வந்துச்சு. 1976ல மன்னார் வளைகுடாவுக்கும் கோடு. கச்சத்தீவு சுமார் 285 ஏக்கர். தமிழ்நாட்டுல தேர்தல் வந்தா அதைப் பேசாத மேடை இல்ல. அந்த 75,000 பேரை எந்த மேடையிலயும் பேசி நான் கேட்டதில்ல.

வேற மாதிரியும் செஞ்சிருக்கலாம். 2015ல இந்தியாவும் பங்களாதேஷும் 162 நிலத்துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டபோது, அங்கே இருந்தவர்களிடம் எந்த நாடு வேணும்னு கேட்டார்கள். எத்தனை பேர் எங்கேன்னு முன்கூட்டியே பங்கு போடல.

1984ல போர் காரணமா கப்பல் நின்னுச்சு. இந்தியப் பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டியில வச்சுக்கிட்டே இங்க தங்கினவங்க நிறையப் பேர். கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கேயே இருந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. தேதியைப் பாருங்க, ஒப்பந்தம் போட்ட அதே நாள்.

கப்பலேறிப் போய் நீலகிரியில கொழுந்து பறிச்சவங்களை அங்க 'சிலோன்காரங்க'ன்னாங்க. இங்கேயே இருந்த நம்மளை 2012 குடிசன மதிப்பீடும் 'இந்தியத் தமிழர்'னுதான் எழுதிக்கிட்டுப் போச்சு.