அகதி வைத்தியர் கொடுத்த மருந்து

1939இல் ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர் யூத வைத்தியர் லுட்விக் குட்மன். எங்களைப்போல அவரும் ஓர் அகதிதான்.

1944இல் ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரியின் முள்ளந்தண்டுப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே கிடந்தவர்களில் அநேகர் போரில் காயப்பட்ட இளம் பொடியள். அக்காலத்தில் இப்படியானவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஓரிரு வருடத்தில் இறந்துபோவார்கள். 'இனி என்ன செய்யிறது' என்று மற்ற வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்கள்.

குட்மன் விடவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நோயாளிகளைப் புரட்டிக் கிடத்தச் செய்தார். புண் ஆறியதும் சும்மா கிடக்கவும் விடவில்லை. தச்சுவேலை, மணிக்கூடு திருத்துதல் பழக்கினார். சக்கர நாற்காலியில் இருத்திப் பந்தையும் வில்லையும் கையில் கொடுத்தார். விளையாட்டால் தோள் பலப்பட்டது. தொழிலால் 'நானும் உழைப்பேன்' என்ற மனம் வந்தது.

1948 யூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதேநாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். 1960இல் றோமில் 23 நாடுகளின் 400 பேர் கூடினார்கள். பராலிம்பிக் பிறந்த கதை இதுதான்.

எங்கள் யுத்தமும் எத்தனையோ பொடியளைச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டது. இப்புத்தாண்டில் ஊருக்குக் காசு அனுப்பும்போது, அவர்கள் பழகுவதற்கு ஒரு தொழிலும் விளையாட ஒரு பந்தும் கிடைக்க வழிசெய்வோமா?